கணினி வாய்பாடும் தமிழ்ப் புள்ளியும்

முன்னுரை

உமறுப் புலவர் யாத்த சீறாப்புராணம் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த பெருங்காப்பியம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களையும், 92 படலங்களையும், 5027 விருத்தப் பாக்களையும் உடையது. இக்காப்பியத்துள் அரபுச் சொற்கள் தமிழ் மரபிற்கு இயைய எவ்வாறு வழங்குகின்றன என ஆராயும் கட்டுரை ஒன்றை எழுத முற்பட்டேன். தீன், ஈமான், நபி, கலிமா முதலிய சொற்கள் எந்தக் காண்டத்தில் எத்தனை முறை வருகின்றன என்பதை முதற்கண் எண்ணியாக வேண்டும். கையால் எண்ணப் புகின் திங்கள் பல கழியும்.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தமிழ் நூல்கள் பலவற்றைக் கணினி வடிவில் வழங்கி வருகின்றது. சீறாப்புராணமும் அத்தொகுப்பில் உண்டு. அதனைப் பெற்று, பெர்ல் என்னும் கணினி மொழியில் ஒன்பது வரி கொண்ட சிறு நிரல் ஒன்றை எழுதினேன். நிரல் எழுதுவதில் யான் அன்று முதல் வகுப்பு மாணவன். அந்த ஒன்பது வரிகளில் நேர்ந்த பிழைகளையும், அவற்றைக் களைந்த வழியையும், களைவதற்குத் துணைநின்ற அறிவு எது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாய்பாடு என்னும் கருத்து

ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தேடாமல், 'இன்ன வடிவில் அமைந்த சொற்கள் எல்லாம்' எனத் தேடுவதற்குக் கணினியில் ஒரு குறியீட்டு முறை உண்டு. அதனை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பர். இதன் கணிதக் கருத்தை 1950களில் ஸ்டீபன் கிளீனி வகுத்தார். உரையைத் தேடுவதற்கு அதனைப் பயன்படுத்தும் முறையைக் கென் தாம்சன் 1968இல் வெளியிட்டார். லாரி வால் என்பார் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழி அதனைத் தன் உயிர்நாடியாகக் கொண்டது. லாரி வால் மொழியியல் பயின்றவர் என்பது நம் போன்றோர் கருதத்தக்கது.

பெயர் புதிதாயினும் கருத்து நமக்குப் புதிதன்று. தேமா, புளிமா என்பன சொற்களல்ல. சொற்கள் அமையும் வடிவங்கள். நேர் நேர் என அமைந்த சீர் எதுவாயினும் தேமா என்னும் ஒரே வாய்பாட்டுள் அடங்கும். அரபு இலக்கணத்தாரும் ஃபா, ஐன், லாம் என்னும் மூன்றெழுத்துகளை வைத்துச் சொல்வடிவங்களை வகுத்தனர். காதிப் என்பது எழுதுபவரையும் மக்தூப் என்பது எழுதப்பட்டதையும் குறிப்பது அவ்வடிவ வேறுபாட்டால் அன்றோ? எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பினை வாய்பாடுகளாலேயே வகுத்தளித்தார். ஆதலின் ரெகுலர் எக்ஸ்பிரஷனை இக்கட்டுரையில் 'வாய்பாடு' என்றே வழங்குவோம். பெர்ல் நிரலில் இவ்வாய்பாட்டை இரு சாய்கோடுகளுக்கு இடையே எழுதுவர்.

வழித்தடத்தில் ஒரு பாடம்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மயிலம், விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என வரும் ஊர்ப் பெயர்களைக் கொண்டே வாய்பாட்டின் குறிகளை விளங்கிக்கொள்ளலாம்.

டாலர் குறி இறுதியைச் சுட்டும். /பாக்கம்$/ என்றால் 'பாக்கம்' என முடியும் பெயர்கள் கிட்டும், முண்டியம்பாக்கம் அகப்படும். ^ என்னும் குறி தொடக்கத்தைச் சுட்டும். /^வி/ என்றால் விக்கிரவாண்டியும் விழுப்புரமும் வரும். நிற்கும் கோடு 'அல்லது' எனப் பொருள்படும். திண்டிவனம் என்னும் பெயர் புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணிவனம் என்பதன் மரூஉ என்பர். இருவடிவையும் ஒருங்கே தேட /தி(ண்டி|ந்திரிணி)வனம்/ என எழுதுதல் வேண்டும்.

வினாக்குறி 'இருப்பினும் இல்லாவிடினும் ஏற்க' என ஆணையிடும். விழுப்புரத்தைச் சிலர் ஒற்று மிகாமல் 'விழுபுரம்' என எழுதிவிடுகின்றனர். இரண்டையும் தேட விரும்பிய யான் /விழுப்?புரம்/ என எழுதினேன். 'ப் இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்பது என் கருத்து. ஆயினும் 'விழுபுரம்' அகப்படவில்லை. பகர மெய் நமக்கு ஓரெழுத்து. கணினிக்கோ பகரமும் புள்ளியுமாக இரண்டு குறி. வினாக்குறி தனக்கு முன்னிற்கும் ஒரு குறியை மட்டுமே பற்றும். ஆதலின் அது புள்ளியை மட்டும் விருப்பமாக்கி, 'விழுப்புரம்', 'விழுபபுரம்' என்னும் இரண்டை எதிர்நோக்கி நின்றது. /விழு(ப்)?புரம்/ என அடைப்புக்குறியிட்டுப் பகர மெய்யை ஒன்றாகக் கட்டிய பின்னரே பிழை நீங்கிற்று.

பின்வரும் பிழைகள் பலவற்றிற்கும் வித்து இதுவே.

கணினி கொண்ட எழுத்துக் கணக்கு

தமிழெழுத்து 247 என்பதை நாம் அறிவோம். யூனிகோடு எனப்படும் ஒருங்குறி 1991இல் வெளிவந்தபோது, 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரப்படவில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உயிர்க்குறி 11, புள்ளி 1 ஆக 43 குறியெண்களைக் கொண்டே அனைத்தும் எழுதப்படுகின்றன. கிரந்த எழுத்துகள் இவற்றின் வேறானவை.

இலக்கணத்தில் மெய்யே முதல். ககர மெய்யுடன் அகரம் சேரக் 'க' பிறக்கின்றது. கணினியில் 'க' என்பதே முதல். அதன்மேல் புள்ளி சேர்ந்து மெய் பிறக்கின்றது. இலக்கணம் கூட்டிப் பெறுவதைக் கணினி கழித்துப் பெறுகின்றது எனலாம். இத்தலைகீழ் முறையை நெஞ்சில் நிறுத்தாது தமிழுக்கு வாய்பாடு எழுதுவோர் இடறுவது திண்ணம். 247 எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 என்னும் முறையையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. எனினும் இணையத்தில் நாம் பெறும் நூல்கள் பெரும்பாலும் ஒருங்குறியிலேயே உள்ளன.

முதற் பிழை: மொழி அறியாத நிரல்

'அம்மா' என்பதன் நீளம் யாது என என் நிரலைக் கேட்டேன். 15 என விடை வந்தது. அம்மா மூன்றெழுத்துச் சொல்; குறியெண்ணால் எண்ணினும் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்தே. ஆயினும் கோப்பில் சேமிக்கும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். உரை தமிழ் என்பதை யான் அறிவிக்காமையால் நிரல் பைட்டுகளை எண்ணி 15 என்றது.

இதற்குரிய அறிவிப்பு இரண்டிடத்தில் வேண்டும். நிரலினுள் யான் எழுதும் தமிழ் ஒருங்குறி என்பது ஒன்று. திறக்கும் கோப்பிலுள்ள தமிழும் ஒருங்குறி என்பது மற்றொன்று. ஓரிடத்தில் மட்டும் அறிவித்தால் வாய்பாடு ஒரு மொழியும் உரை வேறொரு மொழியும் பேச, எத்தனை முறை தேடினும் விடை 0 என்றே வரும். தொடக்கத்தில் பலரும் சோர்ந்து கைவிடும் இடம் இதுவே.

இரண்டாம் பிழை: அகரம் முதல் னகரம் வரை

அடுத்து, உரையிலிருந்து சொற்களைத் தனித்தனியே பிரிக்க முயன்றேன். ஆங்கிலத்திற்கு முதலெழுத்து, இடைக்கோடு, இறுதியெழுத்து என எழுதினால் இடைப்பட்டன யாவும் அடங்கும் எனப் பாடநூல் கூறிற்று. அகரம் தொடங்கி னகரத்தில் முடிவது தமிழ் நெடுங்கணக்கு என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் மரபு. ஆதலின் [அ-ன]+ என ஐயமின்றி எழுதினேன். 'நபி' என்பதற்கு 'ந' மட்டும் வந்தது. 'தீன்' என்பது 'த' எனவும் 'ன' எனவும் இரு துண்டாயிற்று.

காரணம் இரண்டு. ஒருங்குறி அமைப்பு, இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையை அடியொற்றியது. பிற இந்திய எழுத்துகளோடு இடம் பொருந்துமாறு வரிசைப்படுத்தியமையால், அங்கே நகரத்தை அடுத்து னகரம் நிற்கின்றது. ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ ஆகியன அதன் பின்னர் வருகின்றன. யான் னகரத்தை இறுதி எனக் கொண்டதால் ஒன்பது மெய்கள் வெளியே நின்றன. இறுதியை ஹகரம் என மாற்றினேன். அப்போதும் 'நபி' என்பது 'நப' என்றே வந்தது. உயிர்க்குறிகளும் புள்ளியும் ஹகரத்திற்கும் பின்னே இருத்தலே இரண்டாம் காரணம். அகரத்திற்கு முன்னே இடம் பெற்ற ஆய்தமும் அகப்படவில்லை.

இதற்குத் தீர்வு எளிது. 'தமிழ்' என்னும் எழுத்து வகுப்பைப் பெயர் சொல்லியே அழைக்கப் பெர்லில் வழியுண்டு. இன்று பரவலாக வழங்கும் பைத்தான் மொழியைப் பயில்வோர் மற்றொன்றையும் அறிதல் நலம். 'சொல்லில் வரும் எழுத்து' எனச் சுட்டும் பொதுக்குறி, பெர்லில் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் உள்ளடக்கும். பைத்தானின் இயல்பான தொகுப்பில் உள்ளடக்காது. அங்கே தமிழ்ச் சொற்கள் சிதையும்.

வாய்பாட்டில் முற்றுப்புள்ளி 'ஏதேனும் ஒன்று' எனப் பொருள்படும். நடுவெழுத்து மாறும் மூன்றெழுத்துச் சொற்களை வேண்டி /க.ல்/ எனத் தேடினால் கடல், கனல் என்பவற்றோடு 'கால்' என்பதும் வந்து நிற்கும். அதன் துணைக்கால் தனிக்குறி ஆதலின். முழு எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும் குறி பெர்லில் வேறாக உண்டு.

மூன்றாம் பிழை: குன்றக் கூறல்

மேற்கூறிய பிழைகள் கண்டவுடன் தெரிவன. சொற்கள் சிதைந்து வந்தால் யாருக்கும் ஐயம் பிறக்கும். இனி வருவன அத்தகையன அல்ல.

/தீன்/ என எழுதி எண்ணச் செய்தேன். எண் வந்தது. நூலை எடுத்துப் பக்கங்கள் சிலவற்றைப் புரட்டியபோது, என் கண்ணிற்படும் இடங்களிற் சில கணினிப் பட்டியலில் இல்லை. தீனை, தீனின், தீனோர் என்பன விடுபட்டிருந்தன. இறுதி மெய்யின்மேல் உயிர் ஏறினால் புள்ளி நீங்கும் என்பது நாம் முதலாண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் புணர்ச்சி விதி. தீன் என்பதுடன் ஐகார உருபு சேர்ந்தவுடன் புள்ளி மறைந்து அவ்விடத்தில் ஐகாரக் குறி அமர்கின்றது. யானோ புள்ளியையும் வாய்பாட்டில் எழுதி, புள்ளியுள்ளவற்றை மட்டும் தேடச் செய்தேன். வான் என்பதும் நிலா என்பதும் சேர்ந்து வானிலா ஆவதுபோல், தீன்நெறி 'தீனெறி' ஆகும் இடத்திலும் இதே நிலை. நிரல் என் சொல்லைப் பிசகாது கேட்டது; பிசகியது என் இலக்கணமே.

நான்காம் பிழை: மிகைபடக் கூறல்

புள்ளியை நீக்கி /தீன/ என மாற்றினேன். விடுபட்டவை யாவும் வந்தன. காண்டம் காண்டமாகக் கணக்கிட்டதில், ஹிஜ்ரத்துக் காண்டத்தில் எண் விஞ்சி நின்றது. 'நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா சேர்ந்த பின்னர் இஸ்லாம் தழைத்தமையால், அக்காண்டத்தில் தீன் என்னும் சொல்லைப் புலவர் மிகுதியாகப் பெய்தார்' என அழகியதோர் முடிவினையும் கட்டுரையில் எழுதிவிட்டேன்.

சீறாவைச் செவிவழியே பயின்றவர் என் தந்தையார். கணினியைத் தொட்டறியாதவர். கட்டுரையைப் படித்துக் காட்டியபோது சற்று நேரம் பேசாதிருந்து, "ஏம்ப்பா, அந்தக் காண்டத்துல மதீனம், மதீனம்னு எடத்துக்கு எடம் வருதே, அதுக்குள்ளயும் ஒரு தீன் இருக்குதே, அதையும் சேத்தா எண்ணிச்சு?" என வினவினார்.

எனக்குச் சொல் எழவில்லை. மதீனம், மதீனா, மதீனத்தார் ஆகிய சொற்களுள் 'தீன' என்னும் குறிவரிசை அப்படியே உள்ளது. 'மதீனம் புக்க படலம்' என்றே ஒரு படலம் அக்காண்டத்தில் உண்டு. நகரின் பெயரைச் சமயத்தின் பெயராக எண்ணி, அதன்மேல் ஓர் ஆராய்ச்சி முடிவையும் எழுப்பிவிட்டேன். அம்முடிவு கேட்பதற்கு இனிதாகவும், நம்பத் தக்கதாகவும் இருந்தமையே அதன் தீங்கு. அச்சேறியிருப்பின் பின்வருவோர் மேற்கோள் காட்டியிருப்பர்.

மதீனத்தை விலக்கும் வகை யாது? 'தீன' என்பதற்கு முன் எழுத்தே இருத்தல் ஆகாது என விதித்தால், செய்யுளில் முன்சொல்லோடு புணர்ந்து நிற்கும் 'திருத்தீன்' போன்றவையும் விலகிவிடும். 'முன்னே மகரம் இல்லாத தீன' என விதிப்பதே தக்கது. அதனை /(?<!ம)தீன/ என எழுதுவர்.

பின்னர்த் தீனி, தீனன் போன்ற வேற்றுச் சொற்களும் நினைவிற்கு வந்தன. உணவைக் குறிக்கும் தீனியும், வறியவனைக் குறிக்கும் தீனனும் நம் தீனோடு தொடர்பற்றவை. தீனியை விலக்க, 'னகரத்தின் பின் இகரக்குறி வரலாகாது' என ஒரு விதி சேர்த்தேன். உடனே தீனில், தீனின் என்னும் வேற்றுமை வடிவங்களும் மறைந்தன. ஒரு பிழையைக் களையப் புகுந்து மற்றொன்றை விதைத்தேன். வடிவம் ஒன்றாய்ப் பொருள் வேறாகும் இடத்தில் வாய்பாடு தோற்கும் என்பதை உணர்ந்து அவ்விதியை நீக்கினேன். எண்ணை மட்டும் கேளாமல், அச்சொல் வரும் அடி முழுவதையும் அச்சிடச் செய்து, ஒவ்வோர் அடியையும் படித்துப் பொருள் நோக்கித் தெரிந்தேன்.

ஒரே தோற்றம், வேறு குறி

பல கைகளால் தட்டச்சான உரையில் மற்றுமோர் இடர் உண்டு. 'தோழர்' என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியெண்ணாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வாய்பாட்டிற்கு வேறு வேறு. தேடுவதற்கு முன் உரை முழுவதையும் ஒரே முறைக்குக் கொணரும் வசதி பெர்லில் உள்ளது. ஆனால் 'மௌலவி' என்பதன் ஔகாரக் குறிக்கு மாற்றாக ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்தும் இட்டு 'மெளலவி' எனத் தட்டச்சு செய்திருப்பின், அவ்வசதியும் உதவாது. அது எழுத்துப்பிழை, ஆசிரியர் கண்ணே அதற்கு மருந்து.

ஓரடியில் ஒரு சொல் இருமுறை வரினும் ஒருமுறையே எண்ணுவது தொடக்க நிரல்களின் மற்றொரு குறை. முதலில் கண்டவுடன் தேடலை நிறுத்துவது வாய்பாட்டின் இயல்பு. 'எல்லாம் தேடுக' எனத் தனியே ஆணையிடுதல் வேண்டும்.

பிழை களையும் முறை

இப்பட்டறிவால் யான் வகுத்துக்கொண்ட நெறிகள் சில. அவை நம் மாணவர்க்கும் பயன்படலாம்.

ஒன்று, நூல் முழுவதையும் நிரலிடம் தரும் முன்னர் ஒரு படலத்தைக் கையால் எண்ணி வைத்துக்கொள்க. கையெண்ணும் கணினியெண்ணும் ஒத்தபின்னரே மேற்செல்க.

இரண்டு, வரவேண்டிய சொற்கள், வரலாகாத சொற்கள் என இரு பட்டியல் எழுதுக. தீன், தீனை, தீனில் என்பன முதற்பட்டியல். மதீனம், தீனி, தீனன் என்பன இரண்டாவது. நூற்குற்றம் பத்தனுள் வைத்து நாம் கற்பிக்கும் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் வாய்பாட்டிற்கும் உரிய குற்றங்களே. முதற்பட்டியல் முன்னதைக் காட்டும். இரண்டாம் பட்டியல் பின்னதைக் காட்டும்.

மூன்று, ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது நலம் செய்தது, எது கேடு செய்தது என்பது தோன்றாது.

நான்கு, எண் நம் விருப்பத்திற்கு இசைய வரும்போது இரு மடங்கு ஐயுறுக. விரும்பாத விடையை நாம் இயல்பாகவே சோதிக்கின்றோம். விரும்பிய விடையையோ உடனே ஏற்றுக்கொள்கின்றோம்.

முடிவுரை

ஓலைச் சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. துணைக்காலும் ரகரமும் மயங்கின. அவற்றுள் மெய் எது, உயிர்மெய் எது எனத் துணிந்தவர்கள் பதிப்பாசிரியர்களே. சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் முதல், சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் அவர்கள் வரை, அனைவரும் இழந்த புள்ளியை இலக்கணத்தாலும் பொருளாலும் மீட்டவர்கள். இன்று கணினியிலும் புள்ளியே நம்மைச் சோதிக்கின்றது. கருவி மாறிற்று, கல்வி மாறவில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரே அல்காரிதம் என மருவி, கணினி செய்யும் ஒவ்வொரு செயல்முறைக்கும் பெயராய் நிற்கின்றது. அத்தகைய மரபில் வந்த நாம் கணினியைக் கண்டு ஒதுங்குதல் முறையன்று. அது தரும் எண்ணைக் கண்ணை மூடி ஏற்பதும் முறையன்று. தமிழ் பயின்றவர்க்குக் கணினித் துறையில் என்ன வேலை எனக் கேட்கும் மாணவர்க்கு என் விடை இதுவே: புணர்ச்சி அறியாதவன் எழுதும் வாய்பாடு குன்றும், பொருள் அறியாதவன் எழுதும் வாய்பாடு மிகும். இவ்விரண்டையும் கற்பிப்பது தமிழ்த்துறை.

நிரலில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் கணினி உடனே கூவித் தடுக்கும். மதீனத்தைத் தீன் என எண்ணியபோது அது வாளாவிருந்தது. கூவாத பிழையைக் கேட்கும் செவி என் தந்தையாரிடம் இருந்தது. நூலை ஓதி ஓதிப் பெற்ற அச்செவியை நம் மாணவர்களும் பெறுவார்களாக. நிரல் எழுதும் கை அதன் பின்னர் வந்தால் போதும்.